உள்ளங்காலிலிருந்து தொடங்குங்கள்: தோல் புற்றின் ஆரம்ப அறிகுறிகளை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

என் பெரியப்பாவுக்கு இடது குதிகாலில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. மதுரை மாவட்டம் வாடிப்பட்டிப் பக்கம் விவசாயம். செருப்பில்லாமல் வரப்பில் நடந்தே பழகிய கால். கருவேல முள் ஒடிந்து உள்ளே தங்கிவிட்டது என்று அவரும் நினைத்தார், நாங்களும் நினைத்தோம். எருக்கம்பால் வைத்துப் பார்த்தார். சில மாதம் கழித்து ஒருவர் அதைக் கால் ஆணி என்று சொல்லி, பிளேடால் சீவி மருந்து வைத்துக் கட்டினார். வலி என்று ஒன்று இல்லவே இல்லை, அதனால் யாரும் அவசரப்படவில்லை. புள்ளி ஓரமாகப் பரவி, நடுவில் புண்ணாகி, வீட்டுத் தரையில் அவர் கால் பதித்த இடமெல்லாம் ரத்தக் கறை தெரிய ஆரம்பித்த பிறகுதான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மெலனோமா என்ற தோல் புற்று என்றார்கள். அதற்குள் தொடையிடுக்கில் நெறி கட்டியிருந்தது.

தினமும் கால் கழுவும்போது அவர் பார்த்த புள்ளிதான் அது. பார்த்தது முதல் ஆஸ்பத்திரிக்குப் போனது வரை ஒன்றரை வருடம். எதைப் பார்க்க வேண்டும், எப்போது சந்தேகப்பட வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு தோல் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, எங்கள் வீட்டில் மாதாமாதம் செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

நம் தோலில் எங்கே வரும்?

இதைப் பற்றிய குறிப்புகளில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல்காரர்களுக்காக எழுதப்பட்டவை. முதுகைப் பார், தோளைப் பார், வெயில் பட்ட இடத்தைப் பார் என்று சொல்லும். அவர்களுக்கு அது சரி. நம் தோலில் நிறம் தரும் மெலனின் அதிகம். வெயிலால் வரும் தோல் புற்று நமக்குக் குறைவு, மொத்தத்தில் தோல் புற்றே குறைவுதான். ஆனால் வரும்போது வெயில் படாத இடமாகப் பார்த்து வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி, பழைய தழும்பு, ஆறாத புண், மறைவிடம். யாரும் குனிந்து பார்க்காத இடங்கள் என்பதால் முற்றிய பிறகே பலர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்கு 1977இல் கால் பெருவிரல் நகத்தின் அடியில் கண்டுபிடித்ததும் இந்த வகை மெலனோமாதான். பந்து விளையாடும்போது பட்ட அடி என்றே முதலில் நினைத்தார்கள். 1981இல், 36 வயதில் இறந்துபோனார்.

மருத்துவ ரிப்போர்ட்டில் மூன்று பெயர்களைப் பார்க்கலாம். மெலனோமா நிறமிச் செல்லில் தொடங்குவது. மூன்றிலும் வேகமாகப் பரவக்கூடியது. ஸ்குவாமஸ் செல் புற்று நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் பழைய தழும்பிலும் நாள்பட்ட புண்ணிலும் வரும். பேசல் செல் புற்று முகத்தில் வரும். மெதுவாக வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, ஆனால் விட்டுவைத்தால் மூக்கையும் கண்ணையும் அரித்துவிடும்.

எப்போது, எதை வைத்துப் பார்ப்பது?

மாதம் ஒரு முறை போதும். தினமும் பார்த்தால் பயம்தான் கூடும், மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளோடு சேர்த்துவிட்டோம். ஆண்களுக்கு மாதத்தின் முதல் சனிக்கிழமை, பெண்களுக்கு முதல் வெள்ளி. எண்ணெய் வைப்பதற்கு முன்னால் பார்த்துவிட வேண்டும். வைத்த பிறகு தோல் மினுங்கும், நிறம் சரியாகத் தெரியாது.

பகல் வெளிச்சம்தான் நல்லது. ஜன்னல் ஓரமோ கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய முற்றமோ போதும். சுவரில் மாட்டிய கண்ணாடி ஒன்று, கையில் பிடிக்கும் கண்ணாடி ஒன்று, பள்ளிக்கூடத்து ஸ்கேல், ஒரு நோட்டு, செல்போன், சீப்பு. முதல் தடவை அரை மணி நேரம் ஆகும். பழகிவிட்டால் பத்து நிமிடம்.

மறைக்கிற பொருள்களை முதலில் எடுத்துவிடுங்கள். நெயில் பாலிஷ், மெட்டி, மோதிரம், அரைஞாண் கயிறு, முகத்து மஞ்சள். கையிலும் காலிலும் மருதாணி இருந்தால், அது மங்கிய பிறகு அந்த இடங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். நகத்தில் மருதாணி மாதக்கணக்கில் நிற்கும், ஆகவே இரண்டு கைக்கும் ஒரே சமயத்தில் வைக்காமல் இருந்தால் ஒரு கை நகமாவது தெரியும்.

படி 1: உள்ளங்கால்

முதலில் கால். இதற்குக் கொடுக்கும் நேரம்தான் முக்கியம்.

காலைச் சோப்புப் போட்டு, நாரால் தேய்த்து, பித்தவெடிப்பில் இருக்கும் மண் போகக் கழுவித் துடையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை மறு தொடைமேல் போட்டுக்கொண்டு குதிகால், நடுப்பாதம், விரல் அடி, ஒவ்வொரு விரல் இடுக்கு என்று வரிசையாகப் பாருங்கள். இடுக்கை விரித்துப் பார்க்க வேண்டும். குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகளோ பேரன் பேத்தியோ பார்த்துச் சொல்லட்டும். சர்க்கரை உள்ளவர்கள் எப்படியும் தினமும் கால் பார்க்க வேண்டியவர்கள். அதிலேயே ஒரு நாளை இதற்கு ஒதுக்கிக்கொள்ளலாம்.

மாநிறமும் கறுப்பு நிறமும் உள்ளவர்களுக்கு உள்ளங்காலில் மங்கலான பழுப்புப் புள்ளிகள் பல இருப்பது சகஜம். இரண்டு காலிலும் இருக்கும், ஒரே மாதிரி இருக்கும், வருடக்கணக்கில் அப்படியே இருக்கும். அவற்றுக்குப் பயப்பட வேண்டாம். தனியாக ஒன்று மட்டும், மற்றவற்றைவிடக் கறுத்து, ஓரம் கலைந்து, ஒரு பக்கமாகப் படர்ந்துகொண்டு போனால் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முள்ளா, ஆணியா, வேறா என்ற குழப்பம்தான் இங்கே ஆளைக் கவிழ்ப்பது. முள் என்றால் அழுத்தினால் வலிக்கும். சில நாளில் சீழ் பிடிக்கும், அல்லது தோலோடு வெளியே வந்துவிடும். கால் ஆணி என்றால் நடுவில் கெட்டியாக, நேராக அழுத்தினால் சுருக்கென்று குத்தும். பெரும்பாலும் கறுப்பாக இருக்காது. செருப்புக் கடியால் ரத்தம் கட்டியிருந்தால் தோல் உரிய உரிய அதுவும் சேர்ந்து போய்விடும். ஆரம்ப நிலை மெலனோமா பெரும்பாலும் வலிக்காது. வலிக்காத கறுப்பு, நாலு வாரம் கழித்தும் அங்கேயே இருக்கிறது என்றால் அதை முள் என்று நினைத்துத் தோண்டாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறுப்பே இல்லாமலும் வரும். இளஞ்சிவப்பாக, சதை வளர்ந்த மாதிரி, தொட்டால் ரத்தம் கசிகிற புண்ணாகவும் மெலனோமா இருக்கலாம். மாதக்கணக்கில் மருந்து போட்டும் ஆறாத கால் ஆணி, மரு, சேற்றுப்புண் எதுவானாலும் அதே கணக்குதான்.

படி 2: நகங்கள்

இருபது நகத்தையும் பாருங்கள். பெருவிரல்களைக் கொஞ்சம் கூடுதலாகப் பாருங்கள். நகத்தில் வரும் மெலனோமா அங்கேதான் அதிகம்.

நகத்தில் நீளவாக்கில் பழுப்புக் கோடு ஓடுவது நம் நிறத்துக்காரர்களுக்குச் சாதாரணம். பல விரல்களில் மெல்லிசாக ஒரே சீராக இருந்தால் கவலையில்லை. பெரியவரான பிறகு ஒரே ஒரு விரலில் புதிதாக ஒரு கோடு வந்தால், அது 3 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாக இருந்தால், நகத்தின் வேர்ப் பக்கம் அகன்று நுனிப் பக்கம் குறுகினால், கோட்டுக்குள்ளேயே நிறம் மாறி மாறித் தெரிந்தால் காட்ட வேண்டும். கறுப்பு நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலிலும் ஏறிவிட்டது என்றால் அந்த வாரமே போய்விடுங்கள்.

கதவில் நசுங்கி ரத்தம் கட்டிய நகத்தைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், கால் நகம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னே நகரும். அதற்கும் நகத்தின் அடிக்கும் நடுவில் சுத்தமான நகம் தெரிய ஆரம்பிக்கும். ஸ்கேலை வைத்து அளந்து தேதியோடு போட்டோ எடுத்து, இரண்டு மாதம் கழித்து மறுபடி அளந்தால் தெரிந்துவிடும். நகராமல் அடியிலேயே நின்றால் அடிபட்டது ஞாபகம் இருந்தாலும் காட்டுங்கள்.

படி 3: கைகளும் இடுப்பும்

உள்ளங்கை, விரல் இடுக்கு, புறங்கை, முழங்கை, அக்குள். ரேகைக் கோடுகள் கறுத்திருப்பது இயல்பு. அக்குளிலும் கழுத்திலும் வெல்வெட் மாதிரி கருமை படர்ந்திருந்தால் பெரும்பாலும் உடல் எடை, சர்க்கரை சம்பந்தப்பட்டது. சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இடுப்பை யாரும் பார்ப்பதில்லை. உள்பாவாடை நாடா வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இறுகி, கறுத்து, தடித்து, வெடித்துப் புண்ணாகும். அது ஆறாமல் போனால் அபூர்வமாகப் புற்றாகவும் மாறும். வேட்டி இறுகும் இடத்தில் வந்த இப்படிப்பட்ட புற்றைப் பற்றி மும்பை மருத்துவர் வி. ஆர். கானோல்கர் 1945லேயே எழுதியிருக்கிறார். நாடா இடத்தில் வெறும் கருமை இருந்தால் நாடாவை அகலமாக்குங்கள், இடத்தை மாற்றிக் கட்டுங்கள். புண்ணாகி, ஓரம் தடித்துப் பல வாரம் நின்றால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 4: பழைய தழும்பும் ஆறாத புண்ணும்

சின்ன வயதில் சுடுதண்ணீர் கொட்டியது, ஸ்டவ் வெடித்தது, தீபாவளிக்குப் பட்டாசு சுட்டது என்று தீக்காயத் தழும்பு உள்ளவர்கள் நம் பக்கம் நிறைய. அந்தத் தழும்பில் பத்து இருபது வருடம், அதற்கு மேலும்கூடக் கழித்து ஸ்குவாமஸ் செல் புற்று வரலாம். எல்லாருக்கும் வராது, சிலருக்கு வரும். நரம்பு சுருண்டு காலில் வந்த புண், தொழுநோயால் உணர்ச்சியில்லாத காலில் வந்த புண், எலும்பிலிருந்து சீழ் வடிந்துகொண்டே இருக்கும் துளை ஆகியவற்றிலும் இதே ஆபத்து உண்டு.

தழும்பு முழுக்க விரலால் தடவிப் பாருங்கள். மிருதுவாக இருந்த இடம் கெட்டியாகியிருக்கிறதா? மூடியிருந்த இடம் திறந்து புண்ணாகியிருக்கிறதா? நாள்பட்ட புண்ணில் ஓரம் மேலே எழும்பி வெளிப்பக்கம் மடிந்தால், காலிஃபிளவர் மாதிரி சதை வளர்ந்தால், புதிதாக நாற்றமோ ரத்தமோ வந்தால், 'இத்தனை வருடமா இருக்கிற புண்தானே' என்று விட்டுவிடாதீர்கள். பழைய புண் என்பதே அதைப் பரிசோதிக்க வேண்டியதற்கு ஒரு காரணம்.

படி 5: முகம், வாய், தலை

மூக்கின் பக்கவாட்டு, கண் ஓரம், நெற்றி, காதின் பின்பக்கம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கன்னத்தில் மிளகு சிதறிய மாதிரி சின்னச் சின்னக் கறுப்பு மருக்கள் வருவதும், கழுத்தில் பாலுண்ணி தொங்குவதும் வெகு சாதாரணம், ஆபத்து இல்லை. மங்கு, தேமல் இரண்டும் புற்று இல்லை. வெண்புள்ளி உள்ளவர்கள் அந்தப் புள்ளிகள் புற்றாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம்.

பேசல் செல் புற்று நம் முகத்தில் பெரும்பாலும் கறுப்பாகத்தான் தெரியும். மச்சம் என்றே நினைப்போம். பளபளப்பான முத்து மாதிரி ஓரம் உயர்ந்து, நடுவில் குழிந்து, முகம் துடைக்கும்போது துண்டில் ரத்தம் ஒட்டும். பொருக்கு உதிர்ந்து ஆறிய மாதிரி தெரியும், மறுபடி வரும். இப்படி வந்து வந்து போவதைத்தான் பலர் வருடக்கணக்கில் பருவென்று விட்டுவிடுகிறார்கள்.

கண்கட்டி பற்றி ஒன்று. வயதானவர்களுக்கு ஒரே இமையில் ஒரே இடத்தில் கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தால், அங்கே இமை முடியும் உதிர்ந்தால், அது இமைச் சுரப்பியில் வரும் புற்றாக இருக்கலாம். அதற்குக் கண் மருத்துவர்தான். நம் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதற்காக வெளியூர் அலைய வேண்டியதில்லை.

கண்ணாடி முன் நிற்கும்போதே வாயையும் திறந்து பார்த்துவிடுங்கள். உதட்டை மடித்து, கன்னத்தின் உள்பக்கம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி. வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்களுக்குத் தோலைவிட இங்கேதான் ஆபத்து அதிகம்.

தலையைத் தானே பார்க்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து பேன் பார்க்கிற மாதிரியே ஒருவர் பின்னால் உட்கார்ந்து, சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பழனிக்குப் போய் மொட்டை போட்ட மறுநாள் இதற்கு மிக நல்ல நாள். முடி வெட்டுபவரிடமும் 'பின்னந்தலையில ஏதாவது புதுசா தெரிஞ்சா சொல்லுங்கண்ணே' என்று சொல்லிவையுங்கள்.

படி 6: முதுகு, பிட்டம், மறைவிடம்

முதுகை வீட்டில் ஒருவர் பார்த்துச் சொன்னால் போதும். யாரும் இல்லையென்றால் செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளலாம்.

மறைவிடத்தைப் பார்க்கக் கூச்சம்தான். ஆனாலும் விட்டுவிடக் கூடாது, நம் தோலில் புற்று ஒளிந்திருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து அதன்மேல் குந்தி உட்கார்ந்தால் ஆசனவாய் வரை தெரியும். ஆண்கள் முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிப் பார்க்க வேண்டும். ஆறாத புண், தடித்த வெள்ளைத் திட்டு, மாதக்கணக்கில் அடங்காத அரிப்பு, புதுக் கறுப்பு. பெண்கள் பெண் மருத்துவர் வேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

மச்சத்தை எப்படி எடைபோடுவது?

மச்சத்துக்கு ஐந்து கேள்வி. நடுவில் கோடு போட்டால் இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருக்கிறதா? ஓரம் சீராக இருக்கிறதா, கடற்கரை மாதிரி வளைந்து நெளிந்திருக்கிறதா? ஒரே நிறமா, கறுப்பு, பழுப்பு, சிவப்பு, நீலம் கலந்திருக்கிறதா? 6 மில்லிமீட்டருக்கு, அதாவது பென்சிலின் அடிப்பக்கத்து அகலத்துக்கு மேல் இருக்கிறதா? கடைசியாக, மாறுகிறதா? இந்த ஐந்தில் கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன். சின்னதாக, வட்டமாக இருந்தாலும் மாறிக்கொண்டே இருக்கும் மச்சத்தை நம்பக் கூடாது.

மாற்றத்தைச் சொல்ல ஆதாரம் வேண்டும் இல்லையா? சிலருக்குப் பள்ளிக்கூடத்து டி.சி.யிலேயே ஒன்று இருக்கும். 'வலது புறங்கையில் ஒரு கறுப்பு மச்சம்' என்று அங்க அடையாளத்தில் எழுதிய அந்த மச்சம் அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தால் நல்லது. மற்றவற்றுக்கு நோட்டில் ஒரு மனித உருவம் முன்பக்கம், பின்பக்கம் வரைந்து, புள்ளி வைத்து, எண் கொடுத்து, அளவும் தேதியும் எழுதுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, அதே வெளிச்சத்தில், அதே தூரத்தில் போட்டோ எடுங்கள்.

குடும்பத்தில் இரண்டு பேரைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிறவியிலேயே நிறமி இல்லாமல் வெள்ளையாகப் பிறந்தவர்களுக்கு மேலே சொன்ன மெலனின் பாதுகாப்பு கிடையாது. அவர்களுக்கு வெயில்தான் எதிரி. முழுக்கை, தொப்பி, சன்ஸ்கிரீன், வெயில் பட்ட இடமெல்லாம் பரிசோதனை. இன்னொன்று, சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் அபூர்வமாக வரும் ஒரு பரம்பரைக் கோளாறு. இரண்டு வயதுக்குள்ளேயே குழந்தையின் முகத்தில் கறுப்புப் புள்ளிகள் நிறைய வரும், வெளிச்சத்தில் கண் கூசும், கொஞ்ச நேர வெயிலிலேயே தோல் வெந்துவிடும். அந்தக் குழந்தையை வெயிலில் விடாமல் உடனே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சின்ன வயதிலேயே புற்று வருவதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம்.

செய்யக் கூடாதவை

மச்சத்தையும் மருவையும் சுண்ணாம்பும் காரமும் வைத்துப் பொசுக்காதீர்கள். தலைமுடியால் இறுக்கிக் கட்டாதீர்கள். பியூட்டி பார்லரில் சுட்டு எடுக்காதீர்கள். மேல்பகுதி கருகிப் போனால் உள்ளே என்ன இருந்தது என்று சோதிக்க ஒன்றும் மிஞ்சாது, வேர் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். மச்சத்தின்மேல் பச்சை குத்தவும் வேண்டாம். மருவுக்கு உப்பும் மிளகும் போடுவதாக வேண்டிக்கொண்டால் தாராளமாகப் போடுங்கள். அதே மாதத்தில் மருத்துவரிடமும் காட்டிவிடுங்கள்.

எங்கே போவது, என்ன கேட்பது?

மதுரை பனகல் சாலையில் இருக்கும் அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கித் தோல் நோய்ப் பிரிவுக்குப் போங்கள். வெளியூரில் இருப்பவர்கள் முதலில் தங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் காட்டலாம். எங்கே போவது என்று புரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேளுங்கள். புற்று என்று உறுதியானால் பாலரெங்காபுரத்தில் அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் முதல் நாளே எடுத்துக்கொண்டு போங்கள்.

மருத்துவரிடம் நோட்டையும் போட்டோவையும் காட்டி நேராகச் சொல்லுங்கள்: 'இது இத்தனை மாதமா இருக்கு, இப்படி மாறியிருக்கு, புற்றா இருக்குமோன்னு பயமா இருக்கு, பயாப்ஸி தேவையா?' அவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, கொஞ்சம் தோலோ முழுப் புள்ளியோ எடுத்து சோதனைக்கு அனுப்புவார். இதுதான் பயாப்ஸி. எந்த மருத்துவர் எதை வெட்டி எடுத்தாலும் அது லேபுக்குப் போகிறதா என்று கேளுங்கள். ரிப்போர்ட் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

'கத்தி பட்டால் பரவிவிடும்' என்ற பயத்தில்தான் எங்கள் வீட்டிலும் நாள்கள் போயின. பயாப்ஸியால் இந்தப் புற்று பரவுவதில்லை. முற்றிய பிறகு கத்தி வைத்து, ஏற்கனவே பரவியிருந்ததால் இறந்தவர்களைப் பார்த்துப் பார்த்து வந்த பேச்சு அது. மெலனோமாவின் தடிமனை மில்லிமீட்டரில் அளக்கிறார்கள். 1 மில்லிமீட்டருக்குள் இருக்கும்போது வெட்டி எடுத்தால் பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். ஆழம் போகப் போக நெறிக்கும் நுரையீரலுக்கும் பரவும் வாய்ப்பு கூடும்.

ஒரு தடவை சிகிச்சை முடித்தவர்கள் மாதப் பரிசோதனையில் நெறியையும் தடவிப் பார்க்க வேண்டும். காலில் வந்தவர்கள் தொடையிடுக்கு, கையில் வந்தவர்கள் அக்குள், தலையிலும் முகத்திலும் வந்தவர்கள் கழுத்து. சாதாரணப் புண்ணுக்கு நெறி கட்டினால் வலிக்கும், புண் ஆறியதும் இறங்கிவிடும். வலியில்லாமல், கல் மாதிரி கெட்டியாக, இரண்டு மூன்று வாரம் கழித்தும் இறங்காத நெறி தட்டுப்பட்டால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் பழைய ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையே கிளம்புங்கள்.